காய்ச்சல் இறங்கிய பிறகும் இறங்கும் தட்டணுக்கள்

தமிழ்நாட்டில் 'பிளேட்லெட்' என்ற சொல்லை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது டெங்குக் காய்ச்சல். இரத்தம் உறைந்து கசிவு நிற்க உதவுபவை, பாடநூல்கள் இரத்தத் தட்டணுக்கள் என்று குறிப்பிடும் அந்த அணுக்கள்; அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போய்விட்டது என்று ஆய்வகச் சீட்டு வந்தால் வீடே பதறுகிறது. பப்பாளி இலை தேடி ஒருவர் புறப்பட, தட்டணு தானம் செய்யக்கூடியவரைத் தேடி இன்னொருவர் வாட்ஸ்அப் குழுக்களுக்குச் செய்தி அனுப்புகிறார். அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. தட்டணு குறைந்தால் அதற்குக் காரணம் நோய்தான் என்று குடும்பத்தாரும், பல நேரங்களில் மருத்துவர்களும், முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நோய்க்காக நரம்பு வழியே ஏறிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தே காரணமாக இருக்கக்கூடும் என்ற ஐயம் வரிசையில் கடைசியாகத்தான் வந்து நிற்கிறது.

எவ்வளவு கடைசியில் என்பதற்கு 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி சொல்கிறது. தீவிரமான பாக்டீரியாத் தொற்றுகளுக்குத் தரப்படும் வான்கோமைசின் என்ற மருந்தால் தட்டணுக்கள் குறைந்திருக்குமோ என்ற ஐயத்தின் பேரில் அனுப்பப்பட்ட இரத்த மாதிரிகளைச் சோதித்ததில், 34 நோயாளிகளிடம் அந்த மருந்து இருக்கும்போது மட்டும் தட்டணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. அவர்களில் 29 பேரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அவர்களது தட்டணு எண்ணிக்கை தொட்ட அடிமட்டத்தின் சராசரி, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு 13,600. பத்துப் பேருக்குக் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்த 26 பேருக்கும் மருந்தை நிறுத்திய பின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது. இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்திவைத்த தகவல் வேறு: 15 நோயாளிகளுக்கு, குறைவுக்கான பிற காரணங்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அதே வான்கோமைசின் ஒரு நாள் முதல் பதினான்கு நாள் வரை தொடர்ந்து செலுத்தப்பட்டிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, தட்டணுக்களின் வரவு செலவைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். நலமாக உள்ளவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பு மஜ்ஜையிலுள்ள மிகப் பெரிய தாயணுக்களிலிருந்து உதிரும் துணுக்குகளே இவை, உட்கரு கிடையாது, ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஆகவே நாள்தோறும் சுமார் பத்தாயிரம் கோடித் தட்டணுக்களை மஜ்ஜை புதிதாக ஈடுகட்டியாக வேண்டும். எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கும்வரை, அடிபடாமலோ அறுவை நடக்காமலோ இருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இருபதாயிரத்துக்குக் கீழே வரும்போது கணுக்கால்களிலும் முழங்காலுக்குக் கீழும் கொசுக்கடி போன்ற, ஆனால் விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். பல் ஈறு கசியலாம். வாய்க்குள் இரத்தக் கொப்புளம் எழலாம். தோலில் வரும் புள்ளிகளைக் காட்டிலும் வாய்க்குள் வரும் கொப்புளத்தை மருத்துவர்கள் கூடுதல் கவலையோடு பார்ப்பார்கள்; உள்ளுறுப்புகளிலும் கசிவு தொடங்கக்கூடும் என்பதற்கு அது முன்னறிகுறி.

மருந்து இந்த வரவு செலவை இரண்டு வழிகளில் குலைக்கிறது. ஒன்று, இரத்த ஓட்டத்தில் உள்ள அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழிக்கும்படி செய்வது; மற்றொன்று, மஜ்ஜையில் உற்பத்தியை மந்தப்படுத்துவது. முதலாவது, கிணற்று நீரை ஒரே இரவில் இறைத்துவிடுவதைப் போன்றது. இரண்டாவது, ஊற்று அடைபட்டு நீர்மட்டம் நாளுக்கு நாள் தாழ்வதைப் போன்றது. இந்த வேறுபாடு எண்ணிக்கையின் போக்கிலேயே தெரியும் என்பதால்தான், ஒரு நாளின் எண்ணை மட்டும் பார்க்காமல் பத்து நாள் எண்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வழியின் கதை நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு முந்தையது. மலேரியாவுக்காகக் கொய்னா உட்கொண்டவரின் தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றியதை விப்பன் என்ற மருத்துவர் 1865-இல் லான்செட் இதழில் பதிவு செய்தார். கொய்னா தரும் சின்கோனா மரங்களை நீலகிரியில் அரசு நட்டு வளர்த்த பத்தாண்டும் அதுவே. உலகெங்கும் கொய்னா பெருகிய அளவுக்கு இந்த விளைவைக் காணும் வாய்ப்பும் பெருகியது. ஆனால் நடப்பது என்ன என்பது பல காலம் புதிராகவே இருந்தது. செடார்மிட் என்ற தூக்க மருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தை ஆராய்ந்த ஆக்ராய்ட் 1949-இல் அதற்கு ஒரு வழி திறந்தார். குணமடைந்த நோயாளியின் இரத்தத்தை அப்படியே வைத்தால் தட்டணுக்களுக்கு ஒன்றும் நேரவில்லை; அதில் அந்த மருந்தைச் சிறிது சேர்த்தால் அவை அழிந்தன. நோயாளியின் உடலில் உருவான எதிர்ப்பொருள், மருந்து துணைக்கு இருந்தால் மட்டுமே வேலை செய்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது.

பிந்தைய ஆய்வுகள் இதை இன்னும் நுட்பமாக விளக்கின. தட்டணுவின் மேற்பரப்பில், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்கு உதவும் சில புரதங்கள் உள்ளன. எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தால் பிடி நிற்பதில்லை, நழுவிவிடுகிறது. தளர்ந்த மூட்டில் தச்சர் ஓர் ஆப்பை இறக்கி இறுக்குவதுபோல, மருந்தின் மூலக்கூறு இரண்டுக்கும் இடையே புகுந்ததும் பிடி இறுகுகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் குப்பையென்று பிடித்து விழுங்கிவிடுகின்றன. மருந்து உடலைவிட்டு வெளியேறினால் ஆப்பு கழன்றுவிடும். எதிர்ப்பொருள் இரத்தத்தில் அப்படியே இருந்தாலும் அழிவு நின்றுவிடும். கொய்னா, சல்ஃபா மருந்துகள், வான்கோமைசின், ரிஃபாம்பிசின் ஆகியவற்றில் காணப்படுவது பெரும்பாலும் இந்த வகை. பென்சிலின் குடும்பத்தில் சில வேளைகளில் மருந்தே தட்டணுவின் புரதத்தோடு நிலையாக ஒட்டிக்கொண்டு அதை அந்நியப் பொருளாகக் காட்டிவிடுகிறது என்றும் கருதப்படுகிறது.

எதிர்ப்பொருள் உருவாவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால், ஒரு மருந்தை முதன்முறையாகப் பெறுபவருக்கு எண்ணிக்கை சரிவது வழக்கமாக ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், சிலருக்கு இன்னும் சில நாள் கழித்து. சரியத் தொடங்கினால் ஓரிரு நாளிலேயே இருபதாயிரத்துக்குக் கீழே போய்விடும். முன்பே அந்த மருந்துக்குப் பழகி எதிர்ப்பொருளைச் சுமந்துகொண்டிருப்பவருக்கோ சில மணி நேரமே போதும். சரிவுக்குச் சற்று முன் குளிர், நடுக்கம், காய்ச்சல், குமட்டல் ஆகியவை வருவதும் உண்டு. இந்த இடத்தில்தான் ஒரு விபரீதம் நிகழ வாய்ப்பிருக்கிறது: மருந்தால் வந்த அந்த நடுக்கத்தைத் தொற்று முற்றுவதாகக் கருதி, அதே மருந்தைத் தொடர்வதோடு இன்னொன்றையும் சேர்த்துவிடுவார்கள்.

இது எவ்வளவு அபூர்வம்? வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுபவர்களிடம் மிக அபூர்வம். அமெரிக்காவில் நடந்து 1993-இல் ப்ளட் இதழில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, சிறுநீர்த் தொற்று முதல் பலவற்றுக்கும் தரப்படும் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையை ஒரு வாரம் பயன்படுத்தும் பத்து லட்சம் பேரில் கூடுதலாகச் சுமார் 38 பேருக்கே இந்தச் சிக்கல் நேர்ந்தது. ஆராயப்பட்ட மருந்துகளில் அதுவே முதலிடத்திலும், கொய்னா வகை மருந்துகள் 26 என்ற கணக்கில் அடுத்தும் இருந்தன. ஆகவே சளிக்காக அமாக்சிசிலின் சாப்பிடும் ஒருவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கு வேறு. அங்கே ஒரே நோயாளிக்கு வான்கோமைசின், பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்று இரண்டு மூன்று நுண்ணுயிர் எதிர்ப்பிகள் சேர்ந்தே ஓடுகின்றன. சிறுநீரகம் சோர்ந்திருப்பதால் மருந்து வெளியேறவும் நாளாகிறது. தட்டணுக்கள் குறைய வேறு பத்துக் காரணங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன.

ரிஃபாம்பிசினின் கதையை இந்தியாவில் தனியாகச் சொல்ல வேண்டும். காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பான அந்த மருந்து, உட்கொள்ளும் இடைவெளியைப் பொறுத்துத் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. நாள்தோறும் சீராக எடுத்தால் எதிர்ப்பொருளால் வரும் தொல்லை அரிது. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை பெரிய அளவில் எடுத்தாலோ, சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாலோ அது கூடுகிறது. ரிஃபாம்பிசினால் எதிர்ப்பொருள் வழியே தட்டணுக்கள் அழிந்ததைப் பற்றிய அறிக்கை 1970-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்துவிட்டது. காசநோயாளிகளுக்கு இடைவெளிவிட்டு மருந்து தரலாம் என்பதை நிறுவிய ஆய்வுகளில் முன்னோடியானவை, 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தில், அதாவது இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், நடந்தவை; அவை ரிஃபாம்பிசின் வருவதற்கு முந்தைய மருந்துகளைக் கொண்டு நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு தேசியத் திட்டம் வாரம் மூன்று நாள் என்ற முறையில் ரிஃபாம்பிசினையும் சேர்த்துப் பல ஆண்டுகள் கொடுத்து, 2017-இல் நாடு முழுவதும் தினசரி முறைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு முதன்மையான காரணங்கள் நோய் திரும்புவதும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாவதும்தான், தட்டணுக்கள் அல்ல.

ஆனால் திட்டம் தினசரியாக மாறினாலும் நோயாளியின் நடைமுறை சில நேரம் இடைவெளியாகவே இருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை விட்டுவிட்டு, மூன்றாவது மாதம் மீண்டும் இருமியதும் பழைய அட்டையை எடுத்து விழுங்கும் ஒருவருக்கு, சில மணி நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்து மூக்கில் இரத்தம் கசிந்தால், அது தற்செயல் அல்ல. ரிஃபாம்பிசினால் தட்டணுக்கள் அழிந்தது உறுதியானால் அந்த நோயாளிக்கு வாழ்நாளில் மறுபடி அந்த மருந்தைத் தரக்கூடாது என்பது காசநோய் வழிகாட்டிகளில் விதிவிலக்கின்றிச் சொல்லப்படும் விதி. வாந்தியும் கல்லீரல் பாதிப்பும் வந்தால் அளவைச் சரிசெய்தோ சற்று நிறுத்தியோ மறுபடி தொடங்க இடமுண்டு; இதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

இனி இரண்டாவது வழி. லினசோலிட் என்ற மருந்து 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிற மருந்துகளுக்கு அடங்காத சில கிருமிகளை அடக்கும் ஆற்றல் பெற்றது. கிருமிகள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறையை அது முடக்குகிறது. சிக்கல் என்னவென்றால், நமது உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்பு பாக்டீரியாவாக இருந்து நம் முன்னோரான உயிரணுவுக்குள் குடிபுகுந்தவை. அவற்றிடம் இன்றும் பாக்டீரியாவினதைப் போன்ற பட்டறையே இருக்கிறது. கிருமிக்கென்று விடும் அம்பு நம் வீட்டுக் குடியிருப்பாளரின் மேலும் தைக்கிறது. ஓயாமல் புதிய அணுக்களைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை அதை முதலில் உணர்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் டைஃபாய்டுக்குத் தாராளமாகத் தரப்பட்ட குளோரம்ஃபெனிகால் மஜ்ஜையை மந்தப்படுத்தியதும் இந்த வழியில்தான். அந்த மருந்து மிக அபூர்வமாகச் சிலருக்கு மஜ்ஜையையே முற்றாக வற்றச்செய்தது என்பது வேறு வகைச் சிக்கல்.

லினசோலிடால் வரும் குறைவில் எதிர்ப்பொருளுக்குப் பெரிய பங்கில்லை என்பதால் அதன் போக்கும் வேறாக இருக்கிறது. சட்டென்று பாதாளத்தில் விழாமல், மருந்து தொடங்கிப் பத்து நாள், இரண்டு வாரம் என்ற கணக்கில் மெல்லச் சரிகிறது. அளவும் காலமும் இங்கே முக்கியம். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இரத்தத்தில் மருந்தின் செறிவு கூடுவதால் சரிவு முன்னதாகவே வருகிறது. வாரம் ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், குறிப்பாக இரண்டு வாரத்துக்கு மேல் தருபவர்களுக்கு, என்று மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. ஆனால் மாத்திரையாகவும் கிடைக்கும் மருந்து என்பதால், நோயாளி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் தொடர்கிறது. வாராந்தரச் சோதனை அங்கேதான் விட்டுப்போகிறது.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினசோலிட் இன்றியமையாததாகிவிட்ட பிறகு இந்தக் கேள்வி பெரிதாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளைக் கொண்டு நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில், பெடாக்விலின், பிரிடோமனிட் ஆகியவற்றோடு லினசோலிடை நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர் குணமானார்கள். முன்பு மரணத் தீர்ப்பாகவே கருதப்பட்ட நோயில் அது அசாதாரணமான வெற்றி. ஆனால் 81 விழுக்காட்டினருக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. 48 விழுக்காட்டினருக்கு மஜ்ஜை ஒடுங்கியது. அடுத்து நடந்த ஜீனிக்ஸ் ஆய்வில் அளவையும் காலத்தையும் மாற்றி நான்கு வகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1,200 மில்லிகிராம் 26 வாரம் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு மஜ்ஜை ஒடுங்கியது. 600 மில்லிகிராம் அதே 26 வாரம் பெற்றவர்களில் வெறும் 2 விழுக்காட்டினருக்கே. குணமானவர்களின் பங்கோ முறையே 93, 91 என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மஜ்ஜை ஒடுக்கம் என்பதில் சிவப்பணுக்களின் குறைவும் சேர்ந்தே எண்ணப்படுகிறது என்றாலும், அளவைப் பாதியாக்கியதால் கிடைத்த ஆதாயம் தெளிவானது. பெடாக்விலின், பிரிடோமனிட், லினசோலிட் ஆகிய மூன்றோடு மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்த நான்கு மருந்து முறையை இந்திய அரசு 2024 செப்டம்பரில் தேசியத் திட்டத்துக்குள் அனுமதித்தது. மாவட்டக் காசநோய் மையங்களில் மாதக்கணக்கில் லினசோலிட் பெறுபவர்களின் எண்ணிக்கை இனிக் கூடும். அவர்களது இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் கூடியாக வேண்டும்.

சரி, தட்டணு குறைந்திருக்கிறது என்று சீட்டு வந்துவிட்டது. மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த எண்ணையே ஒருமுறை சந்தேகிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளால் ஆயிரத்தில் ஒருவர் அளவில் சிலரது தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே திரண்டுவிடும். எந்திரம் அந்தத் திரளைத் தட்டணுவாக எண்ணாது. உடலில் இரண்டு லட்சம் இருப்பவருக்குச் சீட்டில் முப்பதாயிரம் என்று வரும். கண்ணாடிச் சில்லில் ஒரு துளியைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தாலோ, சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தாலோ உண்மை விளங்கிவிடும். சில நிமிடங்களில் முடியும் வேலை இது. இதைச் செய்யாமல் தட்டணுப் பை ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

எண் உண்மைதான் என்றால் அடுத்த கேள்வி நோயா, மருந்தா என்பது. நம் ஊரில் இது மிகக் கடினமான கேள்வி. டெங்கு, மலேரியா, எலிக் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், டைஃபாய்டு என மழைக்காலத்தில் வரிசைகட்டும் காய்ச்சல்கள் அனைத்துமே தட்டணுக்களைக் குறைக்கக்கூடியவை. இரத்தத்தில் பாக்டீரியாத் தொற்று பரவிய செப்சிஸ் நிலையும் அப்படியே. ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுப் பண்பு உண்டு. நோய் தணியத் தொடங்கினால் தட்டணுக்கள் ஏறத் தொடங்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்களையொட்டி அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த சில நாள்களில் எண்ணிக்கை மீண்டுவிடும். பாக்டீரியாத் தொற்றிலிருந்து மீள்பவருக்கு ஒரு வாரம் கழித்து வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறுவதும் சாதாரணம். ஆகவே காய்ச்சல் இறங்கி, பசி எடுத்து, வெள்ளையணுக்களும் சீராகி, எல்லாம் நல்ல திசையில் போகும்போது தட்டணு மட்டும் எதிர்த்திசையில் போனால், அதை நோயின் தலையில் கட்டுவது பொருந்தாது. ஒருமுறை குறைந்து, ஏறி, மருந்து தொடங்கிய ஏழாம் நாளில் இரண்டாம் முறை குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

எனவே இந்த நோயறிதலில் மிகச் சிறந்த கருவி எந்த எந்திரமும் அல்ல, நோயாளியின் கட்டிலில் தொங்கும் மருந்து அட்டவணை. ஒவ்வொரு மருந்தும் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை ஒரு வரியிலும், அன்றாடத் தட்டணு எண்ணிக்கையை அதற்குக் கீழேயும் எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும். மருந்துக்குரிய எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வகங்களிலேயே நடக்கின்றன. அந்த முடிவு வருவதற்குள் நோயாளியின் கதை எந்தப் பக்கமாவது முடிந்திருக்கும். 1998-இல் ஜார்ஜ் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் பழைய நோயாளிக் குறிப்புகளை மறுபரிசீலனை செய்தபோது வகுத்த அளவுகோல்களும் தேதிகளையே நம்பியிருக்கின்றன: மருந்து முன்னால் வந்ததா, குறைவு பின்னால் வந்ததா, நிறுத்தியதும் முழுமையாக மீண்டு அப்படியே நிலைத்ததா, கூட இருந்த மற்ற மருந்துகளைத் தொடர்ந்தபோதும் எண்ணிக்கை நிலைத்ததா, வேறு காரணங்கள் விலக்கப்பட்டனவா, மறுபடி கொடுத்தபோது மறுபடி குறைந்ததா. கடைசிக் கேள்வியே உறுதியான சான்று. ஆனால் அதைப் பெறுவதற்காக வேண்டுமென்றே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பதை எந்த மருத்துவரும் விரும்பமாட்டார்.

இந்த இடத்தில் ஹெப்பாரினை மறந்துவிடக்கூடாது. அது நுண்ணுயிர் எதிர்ப்பி அல்ல, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. ஆனால் மருத்துவமனையில் படுத்திருப்பவர்களில் பலருக்கும் அது போகிறது. ஊசிக்குழாய் அடைபடாமலிருக்கச் செலுத்தும் சிறிதளவில்கூட இருக்கலாம். அதனாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் தட்டணு குறையும். ஆனால் விளைவு நேர்மாறு: இரத்தம் கசிவதற்குப் பதில் நாளங்களுக்குள் உறைகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பியை நிறுத்திவிட்டு மருத்துவர் நிம்மதியாக இருக்கையில், உண்மைக் குற்றவாளி ஹெப்பாரினாக இருந்தால், நோயாளியின் காலில் இரத்தக்கட்டி உருவாகிக்கொண்டிருக்கலாம். குறைவு மிதமாக இருந்து இரத்த உறைவும் தென்பட்டால் ஹெப்பாரினையும், பாதாளத்தில் விழுந்து கசிவும் தென்பட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பியையும் முதலில் நினைப்பது வழக்கம்.

சிகிச்சை என்னவென்றால் மருந்தை நிறுத்துவதுதான். சொல்வதற்கு எளிது, செப்சிஸில் கிடப்பவரிடம் செய்வது எளிதன்று. நிறுத்திய மருந்துக்குப் பதிலாக, வேதியமைப்பில் அதனோடு உறவில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அந்தக் கிருமிக்கும் அந்த உறுப்புக்கும் பொருந்த வேண்டும். வான்கோமைசினை நிறுத்தினால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது லினசோலிட். அதுவோ வேறு வழியில் தட்டணுவைக் குறைக்கும். டாப்டோமைசின் இருக்கிறது; நுரையீரலின் உட்பரப்பிலுள்ள வழுவழுப்பான பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாது. இப்படிப்பட்ட இக்கட்டு இருப்பதாலேயே மருத்துவர்கள் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. எண்ணிக்கை எண்பதாயிரத்தில் தயங்கி நின்றால் அப்படிப் பார்க்கலாம். ஒரு லட்சத்திலிருந்து ஒரே இரவில் பதினைந்தாயிரத்துக்கு வந்திருந்தால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

தட்டணு ஏற்றுவதைப் பற்றிக் குடும்பத்தாருக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஒரே கொடையாளரிடமிருந்து எந்திரத்தின் மூலம் பிரித்தெடுக்கும் ஒரு பை, சாதாரணமாக எண்ணிக்கையை முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை உயர்த்த வேண்டும். ஆனால் மருந்தும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் இருக்கும்வரை, ஏற்றிய தட்டணுக்களுக்கும் பழையவற்றின் கதிதான். பை ஏற்றிய மறுநாளும் எண் அசையவில்லை என்றால் கொடையாளரின் இரத்தத்தில் குறை ஏதுமில்லை. அந்த அசையாமையே காரணம் எங்கே என்பதற்கான ஒரு குறிப்பு. கடுமையாக இரத்தம் கசிபவருக்கு ஏற்றத்தான் வேண்டும். எதிர்ப்பாற்றலின் தாக்குதலைத் தணிக்கும் ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தரப்படுவதுண்டு. மருந்தால் வந்த குறைவில் அவை பெரிதும் உதவுகின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை, ஆனால் மருந்தின்றித் தானாகவே வரும் எதிர்ப்பாற்றல் கோளாறை உடனடியாக விலக்க முடியாதபோது கொடுப்பது பெருந்தவறும் அன்று. பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு போன்றவற்றைப் பொறுத்தவரை, தட்டணுவை அழித்துக்கொண்டிருப்பது ஒரு குறிப்பிட்ட மருந்து என்னும்போது, அந்த மருந்தை நிறுத்தாமல் எதைக் குடித்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான்.

நிறுத்திய பின் எதிர்ப்பொருள் வகைக் குறைவில் ஓரிரு நாளில் ஏற்றம் தொடங்கி ஒரு வாரத்தில் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவரின் உடலில் வான்கோமைசின் தங்கிவிடுவதால் அவர்களுக்குக் கூடுதல் நாள் ஆகலாம். லினசோலிடில் மஜ்ஜை மறுபடி வேலையைத் தொடங்க வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். லினசோலிடால் குறைந்தவருக்குப் பின்னொரு நாள் தேவைப்பட்டால், அளவையும் காலத்தையும் கவனித்து அதே மருந்தைத் தருவதற்கு இடமுண்டு. எதிர்ப்பொருள் வகையில் இடமில்லை; அந்த எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, அடுத்த முதல் மாத்திரைக்காகக் காத்திருக்கும்.

அந்த அடுத்த மாத்திரையைத் தடுக்க வேண்டிய இடத்தில்தான் நம் ஏற்பாடுகள் பலவீனமாக உள்ளன. மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கென்று 2010 முதல் தேசியத் திட்டம் ஒன்று நடக்கிறது; காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது; 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே கூடத் தகவல் தெரிவிக்கலாம். அது நாட்டின் கணக்கு. நோயாளியின் சொந்தக் கணக்கு அவரது வெளியேற்றச் சீட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான சீட்டுகளில் ஒவ்வாமை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று முன்கூட்டியே அச்சாகியிருக்கும், அல்லது 'மருந்தால் தட்டணுக் குறைவு' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த நாளில் எத்தனைக்கு இறங்கியது என்பது இருக்காது. நோயாளியின் நினைவில் இருப்பது வணிகப் பெயர். செப்ட்ரான் தனக்கு ஆகாது என்று தெளிவாகச் சொல்பவரிடம் மருந்துக்கடைக்காரர் பாக்ட்ரிம் அட்டையை நீட்டினால், இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே கோ-ட்ரைமாக்சசோல் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டில் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் எழுதித் தரும்படி, மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நோயாளியோ உடனிருப்பவரோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.